நான் கழற்றி எடுத்த வரி

பலகை பெயர்ந்ததும் முதலில் தூசிதான் வந்தது. பிறகு குளிருக்காகச் சுவர் இடைவெளிக்குள் அடைத்திருந்த பழைய வைக்கோல் கொட்டியது. வைக்கோலோடு ஒரு பொதியும் என் காலடியில் விழுந்தது.

சுவிட்சர்லாந்தில் ஊஸ்டருக்கு மேலே, மலைப்பக்கம் ஏறும் வீதியில் ஒரு பண்ணைவீடு. முன்கூடத்தின் மரச்சுவரைக் கழற்றுவதுதான் அன்றைய வேலை. குளிர் முழுதாக விடாத பங்குனி மாதம். முகமூடிக்குள் என் மூச்சே எனக்கு ஈரமாக இருந்தது.

பொதியைத் தோலால் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். தோல் காய்ந்து பலகைபோல இறுகியிருந்தது. எங்கள் மேற்பார்வையாளர் ரேத்தோ எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே நின்ற கழிவுத் தொட்டியைக் கையால் காட்டினார்.

நான் ஒரு மூலையை விரித்தேன். உள்ளே மடித்த தாள்கள். கட்டப்படாத, தைக்கப்படாத தாள்கள். கறுத்துத் தடித்த எழுத்து. ஒன்றும் வாசிக்க முடியவில்லை. ஆனால் கையுறையைக் கழற்றித் தாளின் முதுகுப் பக்கத்தைப் பெருவிரலால் தடவியபோது எழுத்துகள் விரலில் தட்டுப்பட்டன. உலோக எழுத்து, தாளை அழுத்தினால்தான் அப்படித் தட்டுப்படும்.

அந்தத் தொடுவுணர்வை என் விரல் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக மறந்திருந்தது என்று நினைத்திருந்தேன்.

"இதை எறியக்கூடாது" என்றேன்.

"உனக்கு இது என்னவென்று தெரியுமா?" என்று ரேத்தோ கேட்டார்.

"என்னவென்று தெரியாது. எப்படிச் செய்தார்கள் என்று தெரியும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை செய்கிறோம். நான் யாழ்ப்பாணத்தில் என்ன வேலை செய்தேன் என்று அவருக்கு நான் சொன்னதேயில்லை.

உங்களுக்கும் சொல்லவில்லை

இந்தத் தொடரில் அகதி முகாமைப் பற்றி எழுதினேன். வின்டர்தூர் உணவகத்தில் பாத்திரம் கழுவிய நாட்களைப் பற்றி மூன்று வாரம் எழுதினேன். ஊரில் என்ன செய்தீர்கள் என்று வாசகர்கள் கேட்டபோது, "ஒரு கடையில் நின்றேன்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

அது பொய். நான் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவனாக இருந்தேன். கொம்போசிட்டர் என்பார்கள். அச்சகத்தின் பெயர் ஜீவவாசல். நாவாந்துறைப் பக்கம், கடல் காற்றில் எழுத்துப் பெட்டிகளின் ஆணியெல்லாம் துருப்பிடிக்கும் ஓர் ஒழுங்கையில் அது இருந்தது.

ஏன் பொய் சொன்னேன் என்பதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

நூலகத்து மேசை

வீட்டின் சொந்தக்காரி நல்ல பெண்மணி. பொதியை ஒரு நூலகத்துக்குக் கொண்டுபோனார். கண்டெடுத்தவர் நான்தான், நானும் வரவேண்டும் என்று விடாப்பிடியாக நின்று அழைத்துப் போனார். வேலை உடுப்போடு போகக் கூச்சமாக இருந்ததால் கோவிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

பழைய நூல்களைப் பார்க்கும் திருமதி கேகி என்பவர் எங்களைச் சந்தித்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி. அவர் தாள்களை ஒவ்வொன்றாக விரித்தபோது ஈரமண் போன்ற ஒரு வாசனை எழுந்தது.

எந்த வருடம் என்று சொல்ல அவர் விரும்பவில்லை. ஏறக்குறைய ஐந்நூறு வருடம் இருக்கலாம் என்று மட்டும் சொன்னார். "டொய்ஃபர் ஆட்களுடையது" என்றார்.

அந்தச் சொல்லை நான் கேள்விப்பட்டதில்லை. அவர் விளக்கினார். சூரிச்சில் சபைச் சீர்திருத்தம் நடந்த காலத்தில், அந்தச் சீர்திருத்தம் போதாது என்று சிலர் பிரிந்தார்கள். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதில் பொருளில்லை, வளர்ந்தவர் தானாக விரும்பிக் கேட்க வேண்டும் என்றார்கள். வாளைத் தொடமாட்டோம், சத்தியப்பிரமாணம் செய்யமாட்டோம் என்றார்கள். நகரம் அதைப் பொறுக்கவில்லை. சிலரை லிம்மாத் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. மற்றவர்கள் மலைகளுக்கு ஓடினார்கள்.

அந்த ஆற்றின் கரையில் இன்றைக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. நான் எத்தனையோ தடவை அதைத் தாண்டி நடந்திருக்கிறேன். ஒருநாளும் நின்று வாசித்ததில்லை.

"வாளைத் தொடமாட்டோம் என்றா எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன்.

"ஓம், இந்தத் தாளில் அதுதான் இருக்கிறது" என்று அவர் சொன்னதாக என் காதில் தமிழில் விழுந்தது. அவர் ஜேர்மனில்தான் சொன்னார்.

பாரமான பொருள்

அவர் வாசித்தார். நான் எழுத்துகளைப் பார்த்தேன். வால் முறிந்த ஒரு எழுத்து முதல் தாளில் இருந்தது. அதே முறிந்த வால் மூன்றாம் தாளிலும் இருந்தது. ஆறாம் தாளிலும் இருந்தது.

"இவர்களிடம் எழுத்துக் குறைவு" என்றேன். "ஒரு தாளை அடித்து, எழுத்துகளைக் கலைத்துத் திரும்பப் பெட்டியில் போட்டு, அதே எழுத்தை வைத்து அடுத்த தாளைக் கோத்திருக்கிறார்கள். சின்ன இடம். ஒருவர், இரண்டு பேர்தான் வேலை செய்திருக்கிறார்கள்."

திருமதி கேகி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் எங்கே படித்தீர்கள்?"

"படிக்கவில்லை. செய்தேன்."

ஓரத்தில் ஒரு பெருவிரல் மை அடையாளம் இருந்தது. மை காயும் முன்னர் தாளைத் தூக்கியவனுடையது. அவசரப்பட்டிருக்கிறான். என் முதலாளி இருந்திருந்தால் அந்தத் தாளைக் கழித்துப் போடச் சொல்லியிருப்பார்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நூல்களை அடித்தவர்களைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். நூலைக் கட்டாமல், தாளாகவே மடித்து, வேறு சாமான்களோடு பீப்பாய்க்குள் போட்டு அனுப்புவார்களாம். எழுதியவன் ஊர் விட்டு ஊர் ஓடிவிடுவான். அச்சடித்தவனால் முடியாது. அச்சுப்பொறி பாரமான பொருள், அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதனால் முதலில் அகப்படுகிறவன் அவன்தான் என்றார்.

பிறகு முதல் பக்கத்தின் அடியை விரலால் காட்டினார். தலைப்புக்குக் கீழே வெறுமையாக ஒரு இடம்.

"அச்சடித்தவரின் பெயரும் ஊரும் இங்கே இருக்க வேண்டும். போடவில்லை. யாரென்று இனி எங்களுக்குத் தெரியவே போவதில்லை."

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

ஞானமுத்து ஐயா

ஜீவவாசல் அச்சகத்தின் முதலாளி ஆபிரகாம் ஞானமுத்து. உயரமான மனிதர். விரல் நகங்களின் ஓரம் எப்போதும் கறுப்பு. பெரிய தேவாலயத்தில் உபதேசியாராக இருந்தவர், அதை விட்டு விலகி, பத்துப் பன்னிரண்டு குடும்பங்களோடு வீட்டில் கூடிச் செபித்தார். அந்தச் சபைக்கு ஒரு பெயர்கூட இல்லை. குழந்தைகளுக்கு அவர்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்தவர்களைக் கடலுக்குள் இடுப்பளவு ஆழத்துக்குக் கூட்டிப்போய் அமிழ்த்துவார்கள். நான் சைவக்காரன். கரையில் நின்று அவர்களுடைய துவாய்களைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் திருமதி கேகி சொல்லச் சொல்ல எனக்கு அந்தக் கடற்கரை கண்முன் வந்தது. இந்த நாட்டில் எவ்வளவோ காலத்துக்கு முன் தண்ணீரில் கொல்லப்பட்டவர்கள் எங்கள் ஐயாவைப் போலவே இருந்தார்கள்.

அது எல்லாப் பக்கமும் துவக்கு ஏந்தியவர்கள் திரிந்த காலம். யாருடைய துவக்கு என்று நான் எழுதப் போவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஐயா ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். ஒரே ஒரு பக்கம். யார் கூப்பிட்டாலும் போகாதே, யாருக்கும் சத்தியம் செய்யாதே, யாரையும் கொல்லாதே. அவ்வளவுதான்.

நான் அதைக் கோத்தேன். வழக்கம்போலக் கடைசியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் கொண்ட வரியை வைத்தேன். பிறகு பயம் பிடித்தது.

"ஐயா, பேர் வேண்டாம். இதை விட்டிட்டு அடிப்பம்."

அவர் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"பேர் போடாமல் ஒருத்தனைப் பாத்து 'கொல்லாதை' எண்டு சொல்லேலாது, தம்பி. சொல்லுறவன் ஆரெண்டு அவனுக்குத் தெரியவேணும்."

அடி வரி

அடுத்த நாள் ஐயாவுக்குக் காய்ச்சல். வரவில்லை. அச்சகத்தில் நான் தனியாக நின்றேன்.

எழுத்துகளைக் கோத்து இறுக்கியிருந்த இரும்புச் சட்டத்தைத் தளர்த்தினேன். அடி வரியை, எழுத்துக் கிள்ளும் சாமணத்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கழற்றினேன். இடத்தை வெற்று ஈயத் துண்டுகளால் நிரப்பி, திரும்ப இறுக்கினேன். மிதி மெஷினில் எல்லாவற்றையும் அடித்து முடித்து, கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தேன். சபைக்காரர் இருவர் பின்னேரம் வந்து எடுத்துப் போனார்கள். அவர்கள் அடியைப் பார்க்கவில்லை.

ஐயாவைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள்

பிரசுரங்களில் சில ஒரு பள்ளிக்கூட வாசலில் கிடந்தன. அந்த வாசலுக்கு நேரெதிரே குலசிங்கம் என்பவரின் அச்சகம். அவரிடமும் எங்களிடம் இருந்த அதே எழுத்துத்தான். துவக்கோடு வந்தவர்கள் தாளையும் அவர் அடித்த கலியாண அழைப்பிதழ் ஒன்றையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் ஐயா காய்ச்சல் விட்டு அச்சகத்துக்கு வந்தார். அவர் பின்னாலேயே குலசிங்கத்தின் மனைவி ஓடி வந்தார். கையில் அந்தப் பிரசுரம்.

"அண்ணை, இவர் இதை அடிக்கேல்லை. சத்தியமா அடிக்கேல்லை. அவங்களுக்கு ஆர் சொல்லுறது? நீங்கள் அச்சுத் தொழிலில இருக்கிறனீங்கள், ஆர் அடிச்சதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

ஐயா தாளை வாங்கினார். கண் நேராக அடிக்குத்தான் போனது. பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த அம்மாவிடம், "நீங்கள் வீட்டை போங்கோ. குலசிங்கம் இண்டைக்கே வருவார்" என்றார். அவர் போனதும் என்னிடம் வந்தார்.

"பேர் எங்கை?"

"நான் எடுத்தனான், ஐயா."

"பயத்திலயோ?"

"ஓம்."

"எனக்காகவோ, உனக்காகவோ?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அடித்தவன் நானும்தானே.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் இந்தப் பாரம் இவ்வளவு காலம் இருந்திருக்காது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டுக் கை கழுவினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு துவக்கோடு வந்தவர்களுடைய முகாம் இருந்த பக்கம் போனார். ஒழுங்கையின் முடக்கில் திரும்பும்போது மணி அடித்தார், எதிரே ஒரு மாடு நின்றது.

குலசிங்கம் அன்று பின்னேரமே வீடு வந்தார். ஒரு காது கேட்காமல் போயிருந்தது. ஞானமுத்து ஐயா வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, என்றைக்கும் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை.

குலசிங்கம் கோபத்தில் ஊரெல்லாம் சொன்னார். ஞானமுத்து பெயரை மறைத்து அடித்துவிட்டு வீட்டுக்குள் ஒளித்திருந்தார், தன்னை அடிவாங்க விட்டார், கடைசியில் அவரையே தேடிப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று. அடிபட்ட மனிதர் சொன்னதை யார் மறுப்பார்கள்? மறுத்திருக்கக் கூடியவன் ஒருவன்தான். அவன் அதற்குள் கொழும்பு போய், ஏஜென்சிக்காரன் காட்டிய விமானத்தில் ஏறிவிட்டான்.

ஜேர்மனில் சொன்னது

நூலக மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இதை முதன்முதலாக ஒருவருக்குச் சொன்னேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு சுவிஸ் பெண்ணுக்கு. என் ஜேர்மன் கட்டட வேலையில் பழகிய ஜேர்மன். 'சாமணம்' என்பதற்குச் சொல் தெரியாமல் விரலால் காட்டினேன். தமிழில் என்றால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அந்த மொழியில் சொற்களுக்குப் பாரம் குறைவாக இருந்தது.

வீட்டுச் சொந்தக்காரி தலையைக் குனிந்திருந்தார். திருமதி கேகி ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. தாள்களைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவருக்குக் குடும்பம் இருந்ததா?"

இருந்தது. மனைவி, ஒரு மகன், அப்போது எட்டு வயதில் எஸ்தர் என்று ஒரு மகள். எஸ்தர் இன்றைக்கு இந்த நாட்டிலேயே, நொஷாட்டலில் இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. இது எனக்குப் பத்து வருடத்துக்கு மேலாகத் தெரியும். வின்டர்தூரில் ஒரு கலியாண மண்டபத்தில் அவரைக் கண்டேன். தகப்பனின் அதே நெற்றி. சாப்பாட்டுக்கு நிற்காமல் பின் கதவால் வந்துவிட்டேன். தாயும் அவரோடு இருந்து, சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார். மரண அறிவித்தலைப் பார்த்தேன். போகவில்லை.

"அப்படியென்றால் இந்தப் புத்தகத்துக்கு முடியாதது உங்களுக்கு முடியும்" என்றார் திருமதி கேகி. கடுமையாகச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கேட்டாள். "இவ்வளவு காலமும் என்னோட இருந்தது ஆர்?" என்றாள். பிறகு, "சனிக்கிழமை போங்கோ. போன் பண்ணிச் சொல்லாதேங்கோ, நேரில போங்கோ" என்றாள்.

நொஷாட்டல்

ரயில் பீல் நகரம் தாண்டியதும் வலப்பக்கம் ஜூரா மலை கூடவே வரும். சூரிச்சிலும் பேர்ணிலும் துரத்தப்பட்ட டொய்ஃபர் ஆட்களில் பலர் அந்த உயரங்களுக்கு ஏறிப்போய்க் குடியிருந்தார்கள் என்று திருமதி கேகி சொல்லியிருந்தார். மேலே இன்னும் பனி கிடந்தது. இடப்பக்கம் ஏரி. நான் இரண்டு பக்கமும் பார்க்காமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் வீடு நான்காம் மாடி. கதவைத் திறந்தவர் வேலைக்குப் போகும் வெள்ளைச் சப்பாத்தைப் போட்டிருந்தார். இரண்டு மணிக்கு வேலை தொடங்குமாம்.

"ஆர் நீங்கள்?"

"உங்கட அப்பாவின்ர அச்சகத்தில நிண்டனான். சிவஞானம்."

"சிவா அண்ணையோ? மெஷினில ஏத்தி மிதிக்க விடுவீங்கள்!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எதிர்பார்க்கவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கேத்தலைப் போட்டார்.

"தேத்தண்ணி வேண்டாம், தங்கச்சி. முதல்ல நான் சொல்ல வந்ததைக் கேளுங்கோ."

சொன்னேன். தமிழில், எல்லாம். பெயர் போடச் சொன்னது அவர், கழற்றியது நான் என்பதை இரண்டு தடவை சொன்னேன். குலசிங்கத்தின் மனைவி வந்ததை, அவர் தானாகவே சைக்கிளில் போனதைச் சொன்னேன். கேத்தல் கொதித்து, தானாக நின்றது.

எஸ்தர் கதிரையில் நேராக இருந்தார். அழவில்லை.

"அப்பா ஒளிச்சவர் எண்டுதான் நாங்கள் வளந்தது" என்றார். "பள்ளிக்கூடத்தில சொல்லுவினம். கோயில்ல சொல்லுவினம். அண்ணா அதுக்காக எத்தினை பேரோட அடிபட்டவன். பிறகு அவனும் நம்பத் தொடங்கிட்டான். அம்மா நம்பேல்லை. ஆனால் அவவுக்கு எங்களுக்குக் காட்ட ஒண்டும் இல்லை. கடைசியா ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையும், 'உங்கட அப்பா அப்பிடிப்பட்டவர் இல்லை' எண்டுதான் சொன்னவ. நான், 'சரி அம்மா, விடுங்கோ' எண்டனான்."

நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்கள் இஞ்சதான் இருந்தனீங்கள். அம்மா உயிரோட இருக்கேக்க ரெண்டு மணித்தியால ரயில் தூரத்தில இருந்தனீங்கள்."

"ஓம்."

"நான் உங்களை மன்னிக்கிறன் எண்டு சொல்லுவன் எண்டு வந்தனீங்களோ?"

"இல்லை. அதுக்கு வரேல்லை."

உண்மையில் அது எனக்கே தெரியாது. அவர் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். கீழே பேருந்து ஒன்று நின்று போகும் சத்தம் கேட்டது. திரும்பாமலே கேட்டார்.

"போகேக்க எங்களைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

இதை நான் திருமதி கேகிக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு எல்லாவற்றிலும் இதுதான் கடினமாக இருந்தது, ஏனென்றால் இது மிகவும் சின்ன விஷயம்.

"கை துடைச்சுக்கொண்டு நிண்டவர். சைக்கிளில ஏற முதல் சொன்னவர், 'எஸ்தருக்குப் பல்லுக்கொதி. கராம்பு வாங்கி மேசை லாச்சிக்குள்ள வைச்சிருக்கிறன். வீட்டில கொண்டுபோய்க் குடு' எண்டு. நான் குடுக்கேல்லை, தங்கச்சி. உங்கட வீட்டுப்பக்கம் வரப் பயந்து, குடுக்கேல்லை. லாச்சியைத் திறக்கவுமில்லை."

எஸ்தர் திரும்பினார். கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"அண்டைக்கு எல்லாரும் அழுதுகொண்டிருக்கினம்" என்றார். "நான் பல்லுக்காக அழுதனான். அப்பா வரேக்க கராம்பு கொண்டு வாறன் எண்டு சொல்லிட்டுப் போனவர். மறந்திட்டார் எண்டு அவரில கோவிச்சுக்கொண்டு கிடந்தனான். எனக்கு அந்த நாளில ஞாபகம் இருக்கிறது அது ஒண்டுதான்."

"அவர் மறக்கேல்லை."

அப்போதுதான் அழுதார். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். எழுந்து போய் ஆறுதல் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது.

வெகுநேரத்துக்குப் பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். வேலையிடத்துக்குப் போன் பண்ணிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். ரொறன்ரோவில் இருக்கும் தமையனுக்குப் போன் எடுத்து, அதை மேசையில் எனக்கு முன்னால் சத்தமாகக் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணா, வேலைக்கு வெளிக்கிட்டிட்டியோ? கொஞ்சம் நில். சிவா அண்ணை வந்திருக்கிறார். அப்பாவைப் பற்றிக் கதைக்க வேணுமாம். இடையில ஒண்டும் சொல்லாமல் கேள்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"முதல்ல இருந்து சொல்லுங்கோ."

நான் சொல்லத் தொடங்கினேன்.